நாலு கம்பனி, ஒரு வேலி: தகவல் பாதுகாப்பை எங்கிருந்து ஆள்வது?

மாலை நாலரை மணி. கொழுந்து மடுவத்தில் அன்றைய கடைசி நிறுவை. தராசுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன் மேல் மழைக்காகப் பொலித்தீன் சுற்றிய விரலடையாளக் கருவி. கூடையை இறக்கி வைத்த அம்மா ஒருவர் கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு விளக்கு. மறுபடி துடைத்து வைத்தார். மறுபடியும் சிவப்பு. "ஐயா, என் வெரல அது புடிக்காதுங்க. நீங்களே வச்சிருங்க" என்றார். கணக்கப்பிள்ளை தன் விரலை வைத்தார், பச்சை. அடுத்த அம்மா வந்தார். அவருக்கும் கணக்கப்பிள்ளையின் விரல்தான்.

இருபது, முப்பது வருடம் கொழுந்து பறித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். மிச்சத்தைக் கறை மூடியிருக்கும். மழை நாளில் தோல் ஊறி வெளுத்திருக்கும். மலையில் இருக்கிற யாருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. "குழுமத்தின் எல்லாக் கம்பனிகளிலும் வருகைப் பதிவு விரலடையாளத்தால் மட்டும்" என்று கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் எழுதியவர் மட்டும் இதை அறியவில்லை. அந்த மாதம் தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் இந்தத் தோட்டத்துக்கு எல்லாக் கட்டமும் பச்சை. ஒரே விரலால் வாங்கிய பச்சை.

நான் அங்கே நின்றது உள்ளகக் கணக்காய்வுக்காக. எங்கள் குழுமத்தில் நாலு துணைக் கம்பனிகள். தேயிலைத் தோட்டமும் ஸ்டோருமாக (தேயிலைத் தொழிற்சாலை) ஒன்று, எல்ல பக்கம் ஒரு ஹோட்டல், மலைக்கு அந்தப் புறம் ஒரு மினி ஹைட்ரோ மின்நிலையம், ஹட்டனிலும் பதுளையிலும் கிளை வைத்திருக்கும் நிதிக் கம்பனி. நாலுக்கும் முதலாளி ஒன்றுதான். மற்றபடி ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவை எல்லாவற்றின் தகவல் பாதுகாப்பையும் ஒரே ஆளுகைக்குள் கொண்டுவர வேண்டும், எந்த முறையில் என்று ஒப்பிட்டுச் சொல் என்று பணிப்பாளர் சபை கேட்டது. அதற்காக நான் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரிக் குழுமம் மலையகத்தில் வேறும் உண்டு, அவர்களுக்கும் உதவலாம்.

'தகவல் பாதுகாப்பு ஆளுகை' என்று பெரிய பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது சின்னக் கேள்விகள்தான். விதியை யார் எழுதுவது? அந்த விதி ஓரிடத்துக்குப் பொருந்தாவிட்டால் விலக்குக் கொடுத்து யார் கையெழுத்துப் போடுவது? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது நடந்தால் யாரை எழுப்புவது? எந்த முறையை ஒப்பிட்டாலும் இந்த மூன்றுக்கும் அது சொல்லும் பதிலைத்தான் நான் பார்த்தேன்.

எல்லாம் கொழும்பிலிருந்து

எவருக்கும் முதலில் தோன்றுகிற வழி இது. ஒரே கொள்கை, ஒரே பாதுகாப்பு அதிகாரி, ஒரே வலையமைப்பு, ஒரே உள்நுழைவு. இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கணினிப் பாதுகாப்புப் படித்த பிள்ளை ஹட்டனில் நிற்பதில்லை. கொழும்புக்குப் போகும், அங்கிருந்து டுபாய்க்கோ மெல்பேர்னுக்கோ போகும். கையில் இருக்கிற இரண்டு பேரை நாலு கம்பனிக்குப் பங்கிட்டால் கம்பனிக்கு அரை ஆள்தான் வரும். மென்பொருள் உரிமங்களை மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு மூடப்பட்டதா என்று ஒரே திரையில் பார்க்கலாம். இவை மூன்றும் பெரிய லாபங்கள்.

சிக்கல் மடுவத்தில் பார்த்ததுதான். மின்நிலையத்திலும் அதே கதை. எல்லாத் திரையும் பத்து நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி. நிதிக் கம்பனியின் கவுண்டருக்கு அது அருமையான விதி. மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இரவுக்கு ஒரே ஓர் ஆள். அடைமழையில் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் திரை பூட்டிக்கிடந்தால், ஈரக்கையோடு பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்ட் அடித்துக்கொண்டிருக்க முடியாது. அவர் கண்டுபிடித்த வழியை நான் நேரில் பார்த்தேன்: விசைப்பலகையின் ஷிஃப்ட் விசை மேல் ஒரு டோர்ச் பற்றரி, படுக்கை வாட்டில். அந்தப் பாரத்தில் திரை பூட்டுவதே இல்லை. அந்த அறைக்குத் தேவைப்பட்டது திரைப் பூட்டு இல்லை, கதவுப் பூட்டு. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று எழுதும் ஒரு புத்தகமும் வேண்டும். கதவு அன்று திறந்துதான் கிடந்தது. அதைப் பற்றிச் சுற்றுநிருபத்தில் ஒரு வரியும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அறிக்கையில் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கொள்கை ஆவணம் முழுக்க ஆங்கிலம். வாசித்தேன், விளங்கியது, கட்டுப்படுகிறேன் என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஸ்டோரில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் தமிழில் வாசிப்பவர்கள், மிச்சம் சிங்களத்தில் வாசிப்பவர்கள். கையெழுத்து இருக்கிறது, விளங்கவில்லை.

மையத்தில் ஒன்று பிசகினால் எல்லோருக்கும் பிசகும். அதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2023 இல் அரச நிறுவனங்கள் பொதுவாகப் பாவிக்கும் சேர்வர் தொகுதியான லங்கா கவர்ன்மென்ட் க்ளவுட், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் அதில் மாட்டின. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போனது போனதுதான். ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவை நிறுவனம் அதே வருடம் ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. அந்த மாதங்களின் அஞ்சல்களுக்குத் தனியாக எடுத்து வைத்த பேக்கப்பும் இல்லை. அமைச்சுகள் தனித்தனியாகச் சேர்வர் வைத்திருந்தால் இதைவிட மோசமாக வைத்திருப்பார்கள் என்று வாதாடலாம், நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் எல்லாம் ஒரே நாளில் போயிருக்காது.

உலக அளவில் எல்லோரும் சொல்லும் கதை மேர்ஸ்க் கப்பல் கம்பனியுடையது. 2017 யூன் 27 அன்று நொட்பெட்யா என்ற தீநிரல் உள்ளே புகுந்து, உலகம் முழுக்கப் பரவிக்கிடந்த அந்தக் கம்பனியின் கணினிகளைச் சில மணி நேரத்தில் சுருட்டியது. 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. வலையமைப்பின் அடிப்படைப் பதிவேட்டைத் தாங்கும் சேர்வர்கள் எல்லாம் அழிந்த பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது, கானா நாட்டில். தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததால் அது வலையமைப்போடு தொடர்பில்லாமல் கிடந்தது. மழைக்காலத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் எங்கள் ஸ்டோர் கிளாக்கர் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். "நம்மளும் பாதுகாப்பாத்தான் இருக்கோம் சேர்."

இந்தக் கதையை முன்பெல்லாம் மையப்படுத்தலுக்கு எதிராக மட்டும் நான் சொல்வதுண்டு. திரும்ப வாசித்தபோது அது பாதிக் கதை என்று தெரிந்தது. தீநிரல் புகுந்த வழி, உக்ரைனில் வரி வேலைக்கு எல்லோரும் பயன்படுத்திய எம்.ஈ.டொக் என்ற கணக்கு மென்பொருள். மேர்ஸ்க்கின் ஒடேசா அலுவலகத்தில் உள்ளூர் நிதி அதிகாரி ஒருவர் கேட்டு, ஒரே ஒரு கணினியில் போட்ட மென்பொருள் அது. உள்ளூர்த் தேவைக்குக் கொடுத்த ஒரு விலக்கும், தடுப்புச் சுவர் இல்லாத ஒரே வலையமைப்பும் சேர்ந்துதான் அந்த அழிவு. ஆகவே மையமா உள்ளூரா என்ற கேள்வியை விட, உள்ளூர் விலக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதைச் சுற்றிச் சுவர் உண்டா என்ற கேள்வி பெரிதாகிறது.

அவரவர் வீட்டுக்கு அவரவர் பூட்டு

இரண்டாவது வழியில் ஒவ்வொரு கம்பனியும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். தலைமையகத்துக்கு வருடம் ஒரு அறிக்கை. நிதிக் கம்பனி இதைத்தான் கேட்கிறது. "எங்களை மத்திய வங்கி பார்க்கிறது, நீங்களும் எதற்கு?" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. தொழில்நுட்ப ஆபத்தைப் பற்றிக் கேள்வி கேட்க அவர்களுக்கு ஓர் ஒழுங்குபடுத்துநர் உண்டு. ஹோட்டலுக்குக் கூட ஒருவகையில் கண்காணிப்பு உண்டு: வங்கி அட்டை மூலம் பணம் வாங்குகிறவர்கள் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற அட்டைத் தகவல் பாதுகாப்புத் தரத்தின் 12 தேவைகளுக்குப் பதில் சொல்லவேண்டும். 2024 மார்ச் 31 ஓடு பழைய 3.2.1 பதிப்பு ஓய்ந்து நாலாம் பதிப்பு மட்டும் செல்லும் என்றானபோது, ஹோட்டல் கணக்காளர்தான் எல்லோருக்கும் முந்தி என்னைக் கூப்பிட்டார்.

தோட்டக் கம்பனியைக் கேட்பார் யார்? கணினிகளை எண்ணினால் நாலு கம்பனிகளில் குறைந்தது அங்கேதான். ஆட்களை எண்ணினால் கூடியதும் அங்கேதான். செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் அடையாள அட்டை இலக்கம், ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம், வங்கிக் கணக்கு. டிஸ்பென்சரிப் பதிவேட்டில் யாருக்கு என்ன வருத்தம், யாருக்குப் பிரசவம் எப்போது. இப்போது அதோடு விரலடையாளமும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலையும் விரலடையாளம் போன்ற உயிரளவைத் தகவலையும் விசேட வகையில் வைக்கிறது. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்று சட்டம் நிறைவேறியபோதே எழுதிவைத்தார்கள். அவரவர் பாட்டில் விட்டால், யாரும் கேட்காத கம்பனியிடம்தான் மிக நுட்பமான தகவல் பூட்டில்லாமல் கிடக்கும். இரண்டாவது வழிக்கு எதிராக எனக்கு இருக்கும் மிகப் பெரிய காரணம் இதுதான்.

கம்பனியை வாங்கும்போது அதன் ஓட்டையையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். மரியட் ஹோட்டல் குழுமம் 2016 இல் ஸ்டார்வூட்டை வாங்கியது. ஸ்டார்வூட்டின் முன்பதிவுத் தொகுதிக்குள் 2014 இலேயே ஆள் புகுந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது 2018 செப்டெம்பரில். உலகம் முழுக்க 33.9 கோடி விருந்தினர் பதிவுகள். பிரித்தானியத் தகவல் ஆணையாளர் 2020 இல் 1.84 கோடி பவுண் தண்டம் விதித்தார், மரியட்டுக்கு. வாங்கிய பிறகும் பழைய தொகுதியை அதன் பாட்டில் ஓடவிட்டிருந்தார்கள். எங்கள் ஹோட்டலும் வாங்கியதுதான். முந்தைய உரிமையாளரின் மருமகனுக்கு முன்பதிவுத் தொகுதியில் நிர்வாகிக் கணக்கு இன்னமும் திறந்திருந்ததை, வாங்கி மூன்று வருடத்துக்குப் பிறகு, தற்செயலாகத்தான் கண்டோம். அவர் ஒன்றும் செய்யவில்லை. அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

அவரவர் பூட்டு என்றாலும் திருடன் ஒரு வீட்டுக்குள் வந்தால் மற்ற வீட்டுக்குக் கதவு திறக்கத்தான் செய்கிறது. ஹோட்டலின் மின்னஞ்சல் பெட்டி ஒன்று எவனோ கையில் போய், அதிலிருந்து நிதிக் கம்பனிக்கு ஓர் அஞ்சல் வந்தது: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதத் தொகையை இதற்குப் போடுங்கள். முகவரி சரி, கையொப்பம் சரி. கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. "அண்ணே, நீங்க கணக்கு மாத்தினீங்களா?" என்று ஹோட்டல் கணக்காளரை அழைத்துக் கேட்டார். காசு தப்பியது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது எந்தக் கொள்கையும் இல்லை, அவர்கள் இருவருக்கும் இருந்த பழக்கம்.

சட்டம் எங்கே நிற்கிறது

இடையில் ஒரு விசயம், சபைகளில் இதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு துணைக் கம்பனியும் சட்டத்தின் முன் தனி ஆள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பொதுவாக அதன் பணிப்பாளர்கள் அந்தக் கம்பனிக்குத்தான் கடமைப்பட்டவர்கள். தாய்க் கம்பனி சுற்றுநிருபம் அனுப்பியதால் மட்டும் அது துணைக் கம்பனியின் கொள்கை ஆகிவிடாது. அந்தக் கம்பனியின் பணிப்பாளர் சபை தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். எங்களில் யாரும் ஒரு தீர்மானமும் போட்டிருக்கவில்லை. கணக்காய்வில் கேட்டால், விரலடையாளச் சுற்றுநிருபம் எந்தக் கம்பனியின் பெயரில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

தரவுச் சட்டத்திலும் அப்படித்தான். தொழிலாளர் தகவலை எதற்கு, எப்படி என்று தீர்மானிப்பது தோட்டக் கம்பனி. அதைத் தன் சேர்வரில் வைத்துச் சம்பளம் கணக்கிட்டுக் கொடுக்கும் தலைமையகம் அந்த வேலையில் வெறும் கையாள். இரண்டுக்கும் நடுவே எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஒரே குடும்பம்தானே என்று விட்டுவிட முடியாது. பொறுப்பைத் தாய்க் கம்பனி இழுத்து எடுத்துக்கொள்ளவும் முடியாது, துணைக் கம்பனி தள்ளிவிடவும் முடியாது. முதல் வழியும் இரண்டாம் வழியும் இந்த இடத்தில் இடறுகின்றன.

வி.ஏ. வருகிறார்

மூன்றாவது வழியைச் சபைக்கு விளக்க எனக்கு ஆங்கிலப் புத்தகம் தேவைப்படவில்லை. தோட்டங்கள் அரசுடைமையாவதற்கு முந்தைய காலத்தை நினைவுபடுத்தினேன். பல தோட்டங்களின் உரிமையாளர் லண்டனில் இருப்பார், நிர்வாகம் கொழும்பு ஏஜென்சி ஹவுஸின் கையில், தோட்டமோ மலையில், தோட்டத்தை நடத்தும் துரையின் பொறுப்பில். எந்த மலையை எப்போது கவ்வாத்து வெட்டுவது என்று கொழும்பு தினமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பதிலாக விசிட்டிங் ஏஜென்ட் வருவார், வி.ஏ. மலையை நடந்து பார்ப்பார், ஸ்டோரைப் பார்ப்பார், கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார், அறிக்கை எழுதுவார். தோட்டத்தை நடத்துவது துரை. நடத்துவதை வெளிக்கண்ணால் பார்ப்பது வி.ஏ. அந்த முறையில் மனிதரை நடத்திய விதத்தைப் பற்றி எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. நான் கடன் வாங்குவது பொறுப்பைப் பிரித்த விதத்தை மட்டும்.

எதைத் தலைமையகம் சொல்லவேண்டும், எதைக் கம்பனி தீர்மானிக்கவேண்டும்? இதற்கு நான் வைத்த கோடு வேலி. உன் வேலிக்குள் நிற்கும் ஆபத்து உன்னுடையது. வேலி தாண்டும் ஆபத்து எல்லோருடையது. 1869 இல் மடுல்சீமைப் பக்கம் கண்ட இலைத்துரு என்ற கோப்பி நோய், எது யாருடைய தோட்டம் என்று பார்த்துப் பரவவில்லை. காற்றோடு போனது, ஏறத்தாழ இருபது வருடத்தில் இந்த மலைநாட்டின் கோப்பிப் பயிரையே முடித்துவிட்டது. மலை முழுக்க ஒரே பயிர் நின்றதும் அதற்கு வசதியாகப் போயிற்று. மின்னஞ்சல், உள்நுழைவு, கம்பனிகளுக்கு நடுவேயான வலையமைப்பு இணைப்பு எல்லாம் காற்று மாதிரி. அவற்றில் தலைமையகத்தின் சொல்தான் செல்லும். மடுவத்தில் வருகையை எப்படிப் பதிவது, கட்டுப்பாட்டு அறைக்குத் திரைப் பூட்டா கதவுப் பூட்டா என்பது வேலிக்குள் இருக்கும் விசயம்.

இதன்படி பொதுத் தளம் சின்னதாக வந்தது. மின்னஞ்சலுக்கும் தூரத்திலிருந்து உள்நுழைவதற்கும் பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாம் அடையாளம் ஒன்று கட்டாயம். வேலையை விட்டவரின் கணக்கு அன்றே மூடவேண்டும். பேக்கப்பில் ஒரு பிரதியாவது எந்த வலையமைப்பிலும் தொங்காமல் இருக்கவேண்டும், அதிலிருந்து மீட்டுப் பார்க்கவும் வேண்டும். சந்தேகம் வந்த உடனே ஒரே இலக்கத்துக்கு அழைக்கவேண்டும், அழைத்தவரைத் திட்டக்கூடாது. வங்கிக் கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும் ஏற்கனவே தெரிந்த இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கவேண்டும். இவ்வளவும் ஒரு தாளின் இரண்டு பக்கம், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். இதற்கு மேல் எது போடுவதென்றாலும் கம்பனி தன் சபையில் போட்டுக்கொள்ளலாம்.

எந்தத் தரத்தைப் பின்பற்றுவது என்று ஒரு கூட்டம் முழுக்கச் சண்டை நடந்தது. தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001 இன் 2022 பதிப்பில் 93 கட்டுப்பாடுகள். முந்தைய 2013 பதிப்பில் 114 இருந்தன. அந்தத் தரத்தில் எனக்குப் பிடித்த விசயம், எது எனக்குப் பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்று ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் நேரே எழுதிவைக்கச் சொல்வதுதான். வெவ்வேறு மாதிரியான கம்பனிகளுக்கு அது கைகொடுக்கும். ஆனால் தோட்டத்துக்கும் ஹோட்டலுக்கும் சான்றிதழ் வரை போவது வீண்செலவு. சிஐஎஸ் கட்டுப்பாடுகள் என்ற இன்னொரு பட்டியலின் எட்டாம் பதிப்பில் சின்ன நிறுவனங்களுக்கென்று பிரித்த முதல் தொகுதியில் 56 காவல்கள்தான் உண்டு. அது அவர்களுக்குப் போதும். நிதிக் கம்பனி ஐஎஸ்ஓவுக்கே போகட்டும். 2024 பெப்ரவரியில் வந்த, அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டின் பாதுகாப்புச் சட்டகத்தின் இரண்டாம் பதிப்பு 'ஆளுதல்' என்பதைத் தனிப் பணியாகச் சேர்த்து ஆறாக்கியது. சபைக்கு அறிக்கை கொடுக்க அந்த ஆறு தலைப்பு வசதி. மூன்றையும் கலப்பது பாவம் என்று ஆலோசகர் ஒருவர் முகம் சுளித்தார். எனக்கு அதில் பாவம் ஒன்றும் தெரியவில்லை.

விலக்குகளுக்கு ஒரு பதிவேடு. எந்த விதி, ஏன் முடியாது, அதற்குப் பதில் என்ன செய்கிறோம், எந்தத் தேதி வரை, யார் கையெழுத்து. கையெழுத்துப் போடுவது அந்தக் கம்பனியின் தலைவர்; கணினிப் பிள்ளை இல்லை. தேதி முடிந்தால் விலக்கும் முடியும். வேலி தாண்டும் விசயம் என்றால் மட்டும் தலைமையகம் மறுக்கலாம். டோர்ச் பற்றரி இனி மறைவில் இருக்காது. பதிவேட்டில் ஒரு வரியாக வரும், பக்கத்தில் கதவுப் பூட்டு வாங்கிய பில்லோடு.

இந்த வழிக்கும் நோய் உண்டு. வி.ஏ. வருகிறார் என்றால் முந்தைய வாரம் கான் எல்லாம் சுத்தமாகும், ஸ்டோருக்கு வெள்ளையடிப்பார்கள். நாங்கள் போனாலும் அதேதான். ஹோட்டலுக்குப் போனபோது பேக்கப் பதிவேடு அச்சடித்து, உறைபோட்டு, மேசையில் தயாராக இருந்தது. "சேர், எல்லாம் ஓகே" என்றார் அங்கே கணினி பார்க்கும் தம்பி. "சரி தம்பி, போன செவ்வாய்க்கிழமை முன்பதிவுப் பட்டியலை எனக்கு இப்போது எடுத்துக் காட்டுங்கள்" என்றேன். காலைத் தேநீருக்குத் தொடங்கியது. முதல் கோப்பு திறக்கவில்லை. இரண்டாவதற்குப் பாஸ்வேர்ட் முந்தைய ஆளுக்கு மட்டும் தெரியும். மூன்றாவது முயற்சியில் பட்டியல் வந்தபோது மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. பேக்கப் வட்டு எங்கே என்று கேட்டேன். மேசை லாச்சியைத் திறந்து காட்டினார்; அது சேர்வரோடு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. ரான்சம்வேர் வந்தால் சேர்வரோடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அந்தத் தம்பி மேல் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேக்கப் எடு என்று எல்லோரும் சொன்னார்கள், எடுத்துக் காட்டு என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து எங்கள் சுற்றில் முதல் வேலை இதுதான்: நாங்கள் சொல்லும் ஒரு கோப்பை எங்கள் முன்னால் மீட்டுக் காட்டவேண்டும். அதற்கு வெள்ளையடிக்க முடியாது.

செலவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. உண்மையான சண்டை அங்கேதான். தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் தோட்டம் அழியும். ஆயிரக்கணக்கில் தொழிலாளர், கணினியோ விரல்விட்டு எண்ணலாம். வருமானத்தைப் பார்த்துப் பங்கிட்டால் நிதிக் கம்பனி முறைக்கும், "எங்கள் பாதுகாப்புக்கும் நாங்களே செலவு செய்து, ஹோட்டலுக்கும் செலவு செய்வதா?" கணக்குகளையும் சாதனங்களையும் எண்ணிப் பங்கிடுவது நியாயம் போலத் தெரியும், ஆனால் அப்படிச் செய்தால் பத்துப் பேர் ஒரே கணக்கைப் பாவிக்கத் தொடங்குவார்கள். எங்கள் ஹோட்டல் வரவேற்பு மேசையில் ஏற்கனவே அப்படித்தான் இருந்தது. கடைசியில் நான் எழுதியது: பொதுத் தளத்தின் செலவு முழுக்கத் தாய்க் கம்பனியுடையது, யாருக்கும் பில் இல்லை. அதற்கு மேல் அவரவர் போடுவது அவரவர் செலவு. தளத்துக்குப் பில் அனுப்பினால் அதைக் குறைக்கத்தான் எல்லோரும் வழி தேடுவார்கள்.

நாலாவது வழியாக, எல்லாவற்றையும் வெளியே ஒரு பாதுகாப்புச் சேவைக் கம்பனியிடம் கொடுத்துவிடலாமே என்றும் ஒருவர் கேட்டார். இருபத்துநாலு மணி நேரமும் திரையைப் பார்க்கும் கண்ணைக் கூலிக்கு வாங்கலாம், வாங்கவும் வேண்டும். எங்கள் இரண்டு பேரால் அது முடியாது. கையெழுத்தைக் கூலிக்கு வாங்க முடியாது. அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

எல்லோருக்கும் மூன்றாவது வழிதான் என்று சொல்லமாட்டேன். இரண்டே கம்பனி, முப்பது நாற்பது கணினி, ஒரே ஊர் என்றால் முதல் வழி போதும், வி.ஏ., பதிவேடு எல்லாம் ஆடம்பரம். ஒரு துணைக் கம்பனியை விற்கும் எண்ணம் இருந்தால் அதை மற்றவற்றோடு பின்னிவிடாதீர்கள். பிறகு பிரித்தெடுக்கும் செலவு பாதுகாப்புச் செலவை விடப் பெரிதாகும். மூன்றாவது வழிக்கு மலைப் பாதையில் சுற்றி வர மனமுள்ள ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். ஹட்டனிலிருந்து நானுஓயா, பண்டாரவளை, எல்ல என்று ரயிலில் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்து, ராத்தங்கி வரவேண்டும். அந்த ஆள் இல்லாமல் தொடங்கினால், மூன்று மாதத்தில் அது ஈமெயிலில் படிவம் நிரப்பும் இரண்டாவது வழியாக மாறிவிடும்.

சபை மூன்றாவதை எடுத்தது. தோட்டக் கம்பனி முதலில் தீர்மானம் போட்டது. விலக்குப் பதிவேட்டின் முதல் வரியும் அவர்களுடையதுதான்: மடுவத்தில் விரலடையாளம் நிறுத்தம், பதிலுக்குப் பெயரும் படமும் உள்ள அட்டை, ஒவ்வொரு நிறுவைக்கும் துண்டு, சேர்த்துவைத்த விரலடையாளங்கள் அழிப்பு. தோட்டக் கம்பனியை நடத்தும் பெரிய துரையின் கையெழுத்து, ஒரு வருடத் தேதி. அடுத்த கூட்டத்தில் தோட்டத்தின் பத்தியில் முதல் தடவையாகச் சிவப்புக் கட்டங்கள் வந்தன. "போன மாதம் வரை பச்சையாக இருந்ததே, ஏன் மோசமாகிவிட்டது?" என்று குழுமச் சபையின் தலைவர் கேட்டார். துரை என்னைப் பார்த்தார். நான் மடுவத்துக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைவர் மற்ற மூன்று கம்பனிகளின் பச்சைக் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சுட்டி, இதை யார் போய்ப் பார்த்தது, இதை யார் போய்ப் பார்த்தது என்று கேட்கத் தொடங்கினார். நிதிக் கம்பனியின் தீர்மானம் இன்னும் அவர்கள் சபையின் நிகழ்ச்சி நிரலில்தான் கிடக்கிறது, ஏழாவது இலக்கத்தில்.